ஒரு விரல் மிச்சம்

பைக்குள் லேப்டாப் இல்லை. தரையில் பதிக்கிற டைல்ஸ் இரண்டு, பழைய துண்டில் சுற்றிப் பத்திரமாகப் படுத்திருந்தன.

"நாணயமான திருடன் மேடம். எடுத்துக்கிட்டதுக்கு எடைக்கு எடை வெச்சிட்டுப் போயிருக்கான்" என்றார் கண்டக்டர்.

இன்ஸ்பெக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பழைய ரவுடிகள் சிலர் இன்றும் பயப்படுகிறார்கள். கண்டக்டர் பயப்படுவதில்லை. காக்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த அம்மாவிடம், பஸ்ஸை விட்டு இறங்கி வந்து உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். அவர் பஸ்ஸை விட்டாலும் பஸ் அவரை விட்டபாடில்லை. யாராவது மாடிப்படி ஏறி வந்தால் இன்னமும் கை தன்னால் சட்டைப் பையில் டிக்கெட்டைத் தேடும்.

தன் வீட்டுக் கூடத்தில் பையைத் திறந்து காட்டிய டீச்சர் சிரிக்கவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இது அந்த முதலாளி வேலைதான் மேடம். நான் போட்ட மறுவிசாரணை வழக்குக்காகத் திங்கட்கிழமை கோர்ட்டு நிபுணர் வந்து மெஷினைப் பாக்கப் போறார்னு தெரிஞ்சு, ஆள் வெச்சுத் தூக்கிட்டான். என் புருஷன் நின்ன அதே கூண்டுல அவன் நிக்கணும். நான் முன்வரிசையில உக்காந்து பாக்கணும். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது."

டீச்சரின் கணவர் கட்டடங்களுக்கு டிசைன் போடும் இன்ஜினியர். ஒரு கட்டுமானக் கம்பெனி முதலாளியிடம் வேலை. பாதி கட்டியிருந்த மார்க்கெட்டின் மேல்தளம் ஒருநாள் பொத்தென்று கீழே வந்துவிட்டது. நான்கு தொழிலாளிகள் அதற்கடியில் போனார்கள். தூண்களில் கம்பி அளவுக்கு மீறிய இடைவெளியில் கட்டப்பட்டிருந்தது. டிசைன் எங்கே என்று பார்த்தால், இன்ஜினியரின் சொந்த லேப்டாப்பிலேயே அதே தப்பான இடைவெளிதான் இருந்தது. 'வேறு யாராவது மாற்றியிருக்க முடியுமா?' என்று கோர்ட்டில் கேட்டார்கள். அந்த மனுஷருக்குத் தன் மெஷின்மேல் அவ்வளவு பெருமை. 'முடியவே முடியாதுங்க. என் விரல் வைக்காம அது யாருக்கும் திறக்காது' என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

"கடைசியில அவருக்கே சந்தேகம் வந்துருச்சு மேடம்" என்றார் டீச்சர். "ஜெயில்ல பாக்கப் போனா, 'நான்தான் எங்கியோ தப்பாப் போட்டுட்டேன் போல, நாலு பேரைக் கொன்னுட்டேன்'னு அழுவார். அப்படி நெனச்சுக்கிட்டேதான் நெஞ்சடைச்சுச் செத்தார். அந்தப் பாவத்தை அவர் தலையில ஏத்தினவனை என் கையால புடிச்சுக் கொடுக்கணும்."

யாராவது கலங்கினால் ஏதாவது பேசியாக வேண்டும் என்பது கண்டக்டரின் பழக்கம்.

"ஏம்மா, லேப்டாப்னா இப்பல்லாம் அப்பளம் கணக்கா இருக்கு. இதுக்கு ரெண்டு டைல்ஸா?"

"இது அப்பளம் இல்லங்க. பழைய காலத்து மெஷின். மடியில வெச்சா மடி மரத்துப் போகும். உள்ள மெக்னீசியம் சட்டம், டிஸ்க்கே ரெண்டு. கட்டடத்தை முப்பரிமாணத்துல திருப்பித் திருப்பிப் பாக்கத் தனியா ஒரு சிப்பு. கீபோர்டுல டீயைக் கொட்டினாக்கூட அடியில ஓட்டை வழியா வடிஞ்சிரும். நடுவுல சிவப்பா ஒரு பொட்டு இருக்கும், அதை விரலால அழுத்தினா அம்பு ஓடும். கரண்ட் போனா தெரியறதுக்கு மூடியோட நெத்தியில குட்டி விளக்கு. அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். நான் அதுக்குச் சக்களத்தின்னு பேர் வெச்சிருந்தேன்."

"பாப்பா, முதல்ல டீயைக் குடி" என்று தட்டோடு வந்தார் டீச்சரின் அண்ணன்.

தங்கையின் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர். கட்டட சைட்டில் சூப்பர்வைசர். அந்த மார்க்கெட் வேலையிலும் இருந்தவர்தான். வழக்கு நடந்த நாளெல்லாம் தங்கையோடு கோர்ட்டுக்கு அலைந்தவர், மாப்பிள்ளையின் உடம்பை ஜெயிலிலிருந்து வாங்கி வந்தவர். இன்றைக்கும் இந்த வீட்டில் பல்பு மாற்றுவதும் குழாய்க்கு வாஷர் போடுவதும் அவர்தான். டீயில் சர்க்கரையை அளந்து போட்டிருந்தார். கண்டக்டருக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

"அந்த முதலாளி எதுக்கும் துணிஞ்சவன் மேடம். நீங்க அவன் ஆபீஸை ஒரு கண்ணு பாத்துக்கிட்டா போதும்" என்றார் அண்ணன். பிறகு சைட்டுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். போகும்போது வாசலில் கழற்றிப் போட்டிருந்த தங்கையின் செருப்பை நேராக வைத்துவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டரம்மா டீயைக் குடித்து முடித்தார்.

"டீச்சர், இந்தப் பையை யாரு தூக்குவா?"

"நான்தான். ஞாயித்துக்கிழமையானா பீரோ மேலேர்ந்து இறக்கித் தூசி தட்டுவேன். திறக்க மாட்டேன். திறந்தா அழுகை வந்துரும். நிபுணருக்கு எடுத்து வைக்கலாம்னு இன்னிக்குத்தான் திறந்தேன்."

"அது யார் யாருக்குத் தெரியும்?"

"வந்து போறவங்க எல்லாருக்கும் தெரியும்."

இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டிவிட்டுச் சமையலறைப் பக்கம் நடந்தார். பின்னால் போன கண்டக்டர் நிலைப்படியில் எதிலோ இடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடினார். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, பூப்போட்ட துணியுறை தைத்துப் போட்ட கனமான ஏதோ ஒன்று முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

"என்னம்மா இது, செங்கல்லுக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்கீங்க?"

"செங்கல் இல்லங்க. சக்களத்தியோட அடாப்டர். தரை கீறக்கூடாதுன்னு உறை தைச்சேன். தூக்கிப் போடவும் மனசு வரல, சும்மா வெச்சிருக்கவும் புடிக்கல."

இன்ஸ்பெக்டரம்மா சட்டென்று திரும்பினார். "அப்ப பைக்குள்ள அடாப்டரே இல்லையா?"

"என் ஸ்கூல் லேப்டாப்போட பழைய அடாப்டர் ஒண்ணு கெடந்துச்சு. சின்னது." டீச்சர் பையைத் துழாவினார். "அதையும் காணோம்."

"திருடன் ஒல்லி அடாப்டரை எடுத்துக்கிட்டுக் குண்டு அடாப்டரை விட்டுட்டானா? சம்பந்தமே இல்லாத மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போன கதையாப் போச்சு" என்றார் கண்டக்டர், கட்டைவிரலைத் தடவிக்கொண்டே.

இன்ஸ்பெக்டரம்மா அந்தத் துணியுறை செங்கல்லைக் கையில் எடுத்து எடை பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"கண்டக்டர், ஒரு பொருளை அழிக்கணும்னா என்ன வேணும்?"

"சுத்தியல் போதும் மேடம். அதுவும் இல்லைன்னா ஆறு, குளம், ரயில் தண்டவாளம்."

"கரண்ட்டு வேணுமா?"

"எதுக்கு?"

"அதான். நம்ம ஆள் அடாப்டரையும் தேடி எடுத்திருக்கான். அவனுக்கு அந்த மெஷின் ஓடணும். அதுக்குள்ள அவனுக்கு ஏதோ வேலை இருக்கு. அப்புறம் இந்த டைல்ஸ். ஒரேயடியாத் திருடறவன் பை வெறுமையா இருந்தா என்னன்னு போயிருப்பான். எடை வெச்சவன் திரும்ப வைக்கப் போறான். திங்கட்கிழமைக்குள்ள வேலையை முடிச்சு, டைல்ஸை எடுத்துட்டு மெஷினைப் படுக்க வைக்கறதுதான் திட்டம்."

"திரும்ப வைக்கறதுக்கு எதுக்கு மேடம் திருடணும்?"

"மெஷின் காணாமப் போனா கோர்ட்டுக்குச் சந்தேகம் வரும். திரும்பி வந்து அவனுக்குச் சாதகமா சாட்சி சொன்னா? டீச்சரோட வழக்கு அத்தோட முடிஞ்சுது."

டீச்சர் பல்லைக் கடித்தார். "பாவி. செத்த மனுஷனை ரெண்டாவது தடவை கொல்லப் பாக்கறான்."

"ஆனா இந்த யானைக்கு அந்தச் சின்ன அடாப்டர் சோளப்பொரி. அவன் இப்ப இந்தச் செங்கல்லைத் தேடி அலைஞ்சுக்கிட்டிருப்பான். இந்த ஊர்ல இது எங்க கிடைக்கும்?"

---

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சந்து அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஏதாவது கடைக்குள் ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். கீபோர்டுகள் தோரணமாகத் தொங்கின. கடைசிக் கடைக்காரருக்குச் சந்தில் 'சர்ஜன்' என்று பெயர். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, எந்த மெஷினையும் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பவர்.

டீச்சரும் கூடவே வந்திருந்தார். வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னதற்கு, "அவன் மூஞ்சியை நான் நேர்ல பாக்கணும்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

துணியுறையை உருவி அடாப்டரை மேசைமேல் வைத்ததும் சர்ஜன் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

"ஐயோ, இதைப் பாத்து எத்தனை வருஷமாச்சு! அந்தக் காலத்துல இந்த மெஷின் வெச்சிருந்தவன் ராஜா. மத்த லேப்டாப் ஒரு படத்தைத் திறக்கறதுக்குள்ள இது ஊரையே வரைஞ்சு முடிச்சிரும். பின்பக்கம் ரெண்டு விசிறி, குளிர்காலத்துல கை காயலாம். ஆனா தீனி ஜாஸ்தி. இந்தச் செங்கல் இல்லாம கண்ணே திறக்காது."

"இதை யாராவது கேட்டாங்களா?"

"நேத்து ஒருத்தர் போன் பண்ணார். சின்ன அடாப்டர் போட்டேன், மூச்சே விடலைன்னார். எங்கிட்ட இல்ல, தேடிப் பாக்கறேன், எதுக்கும் மெஷினோட வாங்க, வேற வழி பண்ணலாம்னேன். இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வரேன்னார். பேர் சொல்லல."

"கிடைச்சிருச்சுன்னு சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

சர்ஜன் போன் செய்து சொன்னார். மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு விட்டது இவர்களுக்கே கேட்டது.

மூன்று பேரும் பழைய மானிட்டர்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். இடம் போதவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிறைய இடம் இருக்கு" என்று கண்டக்டர் முணுமுணுத்தார். இன்ஸ்பெக்டரம்மாவின் முழங்கை அவர் விலாவில் பதில் சொல்லிற்று. டீச்சர் எதையும் காதில் வாங்கவில்லை. மானிட்டர் இடுக்கு வழியாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையின் வார் அவர் பிடியில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. வரப்போகிறவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர் பல நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார் என்பது உதடு அசைவதிலேயே தெரிந்தது.

வெளியே செருப்புச் சத்தம். சாக்குப் பையைத் தோளில் மாட்டிய ஒருவர் சந்துக்குள் வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தார்.

"போன்ல பேசினேனே. அடாப்டர் கிடைச்சுதா?"

காலையில் கண்டக்டருக்குச் சர்க்கரை அளந்து டீ கொடுத்த அதே குரல்.

கண்டக்டர் மெதுவாக டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாளின் உதடு அசைவது நின்றுவிட்டது. அடுத்த நிமிடம் மானிட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அண்ணா?"

அண்ணன் பதறித்தான் போனார். ஆனால் சமாளித்துக்கொண்டார். பையை மேசைமேல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில் பேசினார்.

"மாட்டிக்கிட்டேன் பாப்பா. உனக்குத் தெரியாமச் செய்யணும்னு பாத்தேன். இதுக்குள்ள மாப்ள பேசின வீடியோ, உங்க ரெண்டு பேர் போட்டோ எல்லாம் இருக்குன்னு அவர் சொல்லியிருக்கார். கோர்ட்டு ஆள் கையில போயிட்டா அப்புறம் எப்போ வருமோ. அதுக்குள்ள எடுத்து உன் போன்ல போட்டுக் கொடுக்கலாம்னு நெனச்சேன். பை லேசா இருந்தா நீ பதறிடுவேன்னுதான் டைல்ஸை வெச்சேன். காலையில நீ அழும்போதே சொல்லியிருக்கணும். வாய் வரல."

டீச்சரின் கண் கலங்கியது. "என்னண்ணா நீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னென்னவோ நெனச்சிட்டேனே" என்று அவர் தோளில் சாய்ந்துவிட்டார்.

கண்டக்டருக்கு வெட்கமாகப் போயிற்று. இவ்வளவு நல்ல மனுஷனைப் பொறி வைத்துப் பிடித்திருக்கிறோமே என்று அசடு வழிய நின்றார். "மேடம், இது நம்ம பஸ் இல்ல போலிருக்கு. இறங்கிடலாமா?" என்று காதோரம் கேட்டார்.

"இன்னும் ஒரு ஸ்டாப் போலாம்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. பிறகு சத்தமாக, "அதான் அடாப்டர் கிடைச்சிருச்சே. போட்டுப் பாருங்க. டீச்சர் அவர் குரலைக் கேக்கட்டும்" என்றார்.

"வேண்டாம், வீட்டுல போய் நிதானமா..." என்று அண்ணன் ஆரம்பிப்பதற்குள் சர்ஜனின் கை மெஷினை வெளியே எடுத்துவிட்டது. ஆசை பொறுக்காத கை அது. கறுத்த உடம்பு, மூலைகளில் தேய்மானம், நடுவில் சிவப்புப் பொட்டு. செங்கல்லைச் சொருகிப் பொத்தானை அழுத்தினார். விசிறிகள் இரண்டும் உறுமின. திரையில் எழுத்து எதுவும் வரவில்லை. ஒரு விரலின் படம் மட்டும் வந்து நின்றது.

"விரல் கேக்குது" என்றார் சர்ஜன்.

"அடடா" என்றார் அண்ணன். குரலில் வருத்தம். "மாப்ள இல்லையே. அப்ப இனிமே திறக்கவே திறக்காதா?"

"பதிஞ்ச விரல் எதை வெச்சாலும் திறக்கும். இதுல அதுதான் விசேஷம். டிஸ்க்குல இல்ல, இதோ, விரல் தேய்க்கிற இந்தப் பட்டைக்குக் கீழ இருக்கிற சிப்புலேயே விரலை ஞாபகம் வெச்சுக்கும். டிஸ்க்கைக் கழட்டி எறிஞ்சாலும் மறக்காது, மெஷினை ஓட விட்டு உள்ள போய் அழிச்சாத்தான் போகும். ஒரு ஆள்தான்னு இல்ல, கூட்டுக் குடும்பமே பதியலாம்."

டீச்சர் அண்ணனின் தோளிலிருந்து தலையை எடுத்தார்.

"ஒரு ஆள்தான்னு இல்லையா?"

"இல்லம்மா."

"பதிஞ்சது சொந்தக்காரருக்குத் தெரியுமா?"

"மெஷினைத் திறந்து வெச்சிட்டு அவர் எங்கேயாவது எழுந்து போனா, அந்த நேரம் யார் வேணா பதியலாம். பின்னாடி அந்தப் பக்கத்தைத் தேடிப் போய்ப் பாத்தாத்தான் தெரியும். யாரு பாக்கறாங்க?"

டீச்சர் கணக்கு நடத்துகிறவர். விடை கண்ணெதிரே வரும்போது அதைப் பார்க்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. மெதுவாக அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி பாப்பா, அதெல்லாம் கோர்ட்டு ஆள் பாத்துக்கட்டும். நான் கொண்டு போய்ப் பீரோ மேல வெச்சிடறேன்" என்று அண்ணன் ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினார். பிளக்கின்மேல் அதற்கு முன்பே இன்ஸ்பெக்டரம்மாவின் உள்ளங்கை இருந்தது.

டீச்சர் தன் விரலைப் பட்டைமேல் இழுத்து, அதன் ஓரத்துக் குட்டி விளக்கைப் பார்த்தார். சிவப்பு. அடுத்து இன்ஸ்பெக்டரம்மா இழுத்தார். சிவப்பு. கண்டக்டரும் சர்ஜனும் தங்கள் பங்குக்கு இழுத்தார்கள். மெஷின் யாரையும் ஏற்றிக்கொள்ளவில்லை.

"நீங்களும் வைங்கண்ணா."

"என்ன பாப்பா விளையாட்டு இது?"

"விளையாட்டுதான். வைங்க."

அண்ணன் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார். கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் டீச்சரே ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தார். எல்லாம் சிவப்பு. "போதுமா?" என்றார் அண்ணன்.

"வலது கை பாக்கெட்டுக்குள்ள தூங்குது சார்" என்றார் கண்டக்டர். அவர் குரலில் இப்போது கேலி பாதிதான் இருந்தது. "என் சர்வீஸ் பூரா பாத்திருக்கேன். டிக்கெட் எடுக்காதவன் ஒரு கையை மட்டும் வெளிய விடமாட்டான்."

வலது கை வெளியே வந்தது. கட்டைவிரல், சிவப்பு. சுண்டுவிரல், சிவப்பு. மோதிரவிரலும் நடுவிரலும் சிவப்பு. ஆள்காட்டி விரலை மட்டும் அவர் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தார்.

"அது வேண்டாம் பாப்பா" என்றார் அண்ணன்.

டீச்சர் அதைப் பிரித்தார். வேர்த்திருந்த விரல். பட்டைமேல் இழுத்ததும் சிவப்பு வந்தது.

அண்ணனின் நெஞ்சு காற்றுப் போன பலூன் மாதிரி இறங்கியது. "பாத்தியா? இப்பவாவது நம்பறியா?" என்றார்.

"ஈரமா இருந்தா அதுக்குப் புரியாதும்மா" என்றார் சர்ஜன்.

டீச்சர் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அண்ணனின் விரலைத் தாய் குழந்தைக்குத் துடைப்பது போல நிதானமாக, நகக்கண் வரை துடைத்தார். திரும்ப இழுத்தார்.

பச்சை.

விசிறிகளின் உறுமல் இறங்கி, திரையில் வெளிச்சம் பரவியது. பாதி வரைந்த ஒரு கட்டடத்தின் படம் மெல்ல வந்து நின்றது. கண்டக்டரின் சட்டைப் பையில் தலையை நீட்டிக்கொண்டிருந்த போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"பதிஞ்சப்ப கெட்ட எண்ணமே இல்ல பாப்பா, சத்தியமா" என்று அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "மாப்ள மீட்டிங்ல இருக்கும்போது டிராயிங் பாக்கணும்னா ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட வேண்டியிருந்துச்சு. அதுக்காகத்தான். கம்பி விஷயத்துல... தளம் போடுற தேதி தள்ளிப் போனா என் வேலை போயிடும்னு சொல்லிட்டாங்க. அவர் டிராயிங் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் அகல இடைவெளியில கட்டச் சொன்னேன். நிக்கும்னு நெனச்சேன்."

"டிராயிங்கை எப்ப மாத்தினீங்க?" என்றார் டீச்சர்.

அண்ணன் சாக்குப் பையை மடிக்க ஆரம்பித்தார்.

"எப்ப மாத்தினீங்கன்னு கேட்டேன்."

"தளம் விழுந்த அன்னிக்கே. மெஷின் சைட் ஆபீஸ் மேசைமேல இருந்துச்சு. அதோட கடிகாரத்தைப் பின்னாடி தள்ளி வெச்சிட்டு அளவை மாத்தினேன். மாப்ள அப்ப... வெளிய..."

"வெறும் கையால கல்லைப் புரட்டி ஆளைத் தேடிக்கிட்டிருந்தார்" என்று டீச்சர் முடித்தார். "நகமெல்லாம் பேந்து வீட்டுக்கு வந்தார். நீங்கதான் மருந்து போட்டு விட்டீங்க."

"இத்தனை வருஷமா அந்த முதலாளி நாசமாப் போகணும்னு சாபம் விட்டுக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து 'ஆமா பாப்பா, ஆமா பாப்பா'ன்னு சொன்னீங்க." டீச்சரின் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று கண்டக்டருக்குத் தோன்றியது. "அவர் தன்னைத்தானே சந்தேகப்பட்டுச் செத்தாரே அண்ணா. ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதாரே. அப்பவும் நீங்க என் கையைப் புடிச்சிட்டுத்தானே நின்னீங்க. ஒரு வார்த்தை அவர் காதுல சொல்லியிருந்தா, ஜெயில்லேயாவது நிம்மதியாச் செத்திருப்பாரே."

"என் புள்ளைங்க ரெண்டும் படிச்சிட்டிருக்குங்க பாப்பா. அண்ணியை நெனச்சுப் பாரு. அவர்தான் போயிட்டாரே. இனிமே இதைத் தோண்டி யாருக்கு என்ன லாபம்? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? சாகற வரைக்கும் உன் காலடியில கெடக்கறேன்."

"கெடங்க. வேண்டாங்கல. முதல்ல எழுந்திருங்க."

இன்ஸ்பெக்டரம்மா மெஷினை மூடிப் பைக்குள் வைத்தார். "ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன் டீச்சர். நேரா அங்கதான் போகணும். அதான் முறை."

"போலாம் மேடம். போற வழியில நாலு வீடு இருக்கு."

இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் புரியவில்லை. டீச்சரே சொன்னார்.

"ஜாமீன்ல வந்ததும் என் புருஷன் செத்துப்போன நாலு பேர் வீட்டுக்கும் போனார். நானும் கூடப் போனேன். கால்ல விழுந்தார். ஒரு வீட்டுல அறைஞ்சாங்க. ஒரு வீட்டுல மூஞ்சியிலயே துப்பினாங்க. ரெண்டு வீட்டுல கதவைச் சாத்தினாங்க. தொடைச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் ஏறின படியெல்லாம் இவர் ஏறட்டும். இவர் வாயால சொல்லட்டும். அப்புறம் போலீஸ், கோர்ட்டு எல்லாம் பாத்துக்கலாம்."

இன்ஸ்பெக்டரம்மா சட்டப் புத்தகத்தை மனதுக்குள் ஒருமுறை புரட்டினார். பிறகு அதை மூடி வைத்தார். "கண்டக்டர், வண்டியை எடுங்க" என்றார்.

முதல் வீடு ஒரு மாடிக் குடியிருப்பின் கடைசியில் இருந்தது. கண்டக்டர் காரை நிறுத்தினார். ரைட் சொல்லவில்லை. பின் இருக்கையில் அண்ணன் இறங்க மறுத்துக் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். டீச்சர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து அவரை இறக்கினார். படியேறும்போது இரண்டு இடத்தில் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றார். தங்கை அவரைத் தாங்கவும் இல்லை, விடவும் இல்லை.

அழைப்பு மணிக்குக் கதவைத் திறந்தவர் ஒரு பெரியவர். துவைத்து வெளுத்த பனியன். அவருக்குப் பின்னால் சுவரில், ஹெல்மெட் போட்டுச் சிரிக்கும் ஒரு இளைஞனின் படம். டீச்சரைப் பார்த்ததும் பெரியவரின் முகம் இறுகியது. அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னும் எதுக்கும்மா வரீங்க? அதான் அன்னிக்கே வந்து கால்ல விழுந்துட்டுப் போனீங்களே" என்று கதவைச் சாத்தப் போனார்.

டீச்சர் கதவை ஒரு கையால் நிறுத்தினார். மறு கையால் அண்ணனை முன்னே தள்ளினார்.

"இந்தத் தடவை மன்னிப்புக் கேக்க வரலைங்கய்யா. ஆளைக் கொண்டு வந்திருக்கேன்."